நான்கடிப் பலகையில் நீலகிரி மலைப்பாதை

மாதிரி இருப்புப்பாதை அமைப்பது மேலைநாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நவராத்திரிக் கொலுவைக் கூர்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். படிகளுக்குக் கீழே மண்ணைப் பரப்பிக் கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி ஆக்குகிறோம். முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணில் பதித்துக் குளம் என்கிறோம். அட்டையைக் குவித்து மலையாக்கி உச்சியில் முருகனை நிறுத்துகிறோம். காட்சியமைப்புக் கலையின் பாதி வித்தை நம் பாட்டிமார் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அது அளவு. கொலுவிலே செட்டியார் தம் கடை வாசலில் நிற்கும் பேருந்தை ஒரு கையால் தூக்கிவிடுவார் போல அமர்ந்திருப்பார்! கொலுவுக்கு அது குற்றமன்று. மாதிரி இருப்புப்பாதைக்கு அது பெருங்குற்றம்.

நமது தமிழ் மாணவர் சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவிலே காட்சிக்கு வைக்க ஒரு மாதிரி இரயில் செய்யலாமா என்ற பேச்சு எழுந்தபோது, ஒரு சாரார், கடையில் கிடைக்கும் வட்டப்பாதைப் பெட்டி ஒன்றை வாங்கி, நடுவிலே தஞ்சைக் கோபுரம், ஒரு புறம் ஊட்டி, மறு புறம் பாம்பன் பாலம் என்று வைத்துவிடலாம் என்றனர். குழந்தைகள் கைதட்டுவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தமிழ்நாடு ஆகாது. தமிழ்நாட்டுச் சுவரொட்டி ஆகும். வட்டாரக் காட்சி என்பதற்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு: ஒரே அளவு, ஒரே இடம், ஒரே காலம். இவற்றுள் எதைத் தளர்த்தினாலும் பார்ப்பவர் மனம், 'இது பொம்மை' என்று உடனே கண்டுகொள்ளும்.

இதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் தலையாயவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, மனிதர் ஆஸ்திரேலியர். 1925-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு என்னும் பகுதியின் ஓலைக்கூரைச் சிற்றூர்கள் தம் கண்ணெதிரே மாறி வருவதைக் கண்டார். வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து, சுவரின் கல்லும் தோட்டத்துச் செடியும் தவறாமல், அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவிலே செய்யத் தொடங்கினார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் நிலைகொண்ட பெண்டன் காட்சியகம் அந்த முயற்சியின் பயன். இன்று அங்கே போகிறவர் காண்பது 1920-களிலும் 30-களிலும் அப்பகுதி இருந்த தோற்றம். ஊரை விட்டு வெளியே வந்தவனுக்கும், வெளியிலிருந்து ஊருக்கு வந்தவனுக்கும்தான் மறையப்போகும் பொருள் முதலில் கண்ணில் படுகிறது போலும்.

நம் நாட்டிலும் இக்கலை இல்லாமல் இல்லை. புனேயில் 1998-இல் திறந்த ஜோஷியின் சிற்றளவு இரயில் காட்சியகத்தைச் சொல்லலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் உலகிலேயே மிகப் பெரியது. இவ்விரண்டும் 87-இல் ஒரு பங்கு என்னும் அளவிலே அமைந்தவை. ஆனால் நமக்கு வழிகாட்டி இவை அல்ல, பெண்டனே. பரப்பும் பகட்டும் மாணவர் சங்கத்தின் கைக்கு எட்டாதவை. பொறுமை எட்டும்.

அப்படியானால் எந்த இடம்? நான் நீலகிரி என்றேன். அதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தின்படி நாடெங்கும் மீட்டர் பாதைகள் அகலப் பாதைகளாக மாறின. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் பாதை மின்வண்டி 2004 ஜூலையில் நின்றது. செங்கோட்டை மலைப்பாதையில் 2010-இல் வண்டி நின்று, 2018-இல் அகலப் பாதை வந்தது. இம்மாற்றம் தேவையானதே, ஒரே பாதையானால் சரக்கை இடையில் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. ஆயினும் நம் தாத்தாக்கள் வேலை தேடிப் போனதும், பாட்டிமார் தாய்வீடு வந்ததும் பெரும்பாலும் மீட்டர் பாதையில்தான். என் வயதினர் அதைச் சமவெளியில் பார்த்த நினைவே இல்லாதவர்கள். இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதையில் வண்டி ஓடுவது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலையில் மட்டுமே. ஆகவே அளந்து பார்த்துச் செய்ய உயிருள்ள மூலம் இருக்கும்போதே செய்துவிடுவது நன்று.

இனி அளவு பற்றிய கணக்கைக் காண்போம். உலகில் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பது அதன் இலக்கணம். அடி பிரிட்டனுடையது, மில்லிமீட்டர் பிரெஞ்சுக்காரருடையது. இந்தக் கலப்பு மணத்தில் பிறந்ததே 87 என்ற விசித்திர எண். எச்.ஓ. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் இருக்கும். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு அது பொருந்தும். இந்திய அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் வாங்கும் பாதையில் நம் அகலப்பாதை வண்டியை நிறுத்தினால், பருத்த மனிதன் ஒடுங்கிய காலணி அணிந்தது போல, மூன்று மில்லிமீட்டர் குறையும். இந்திய வண்டிகளைச் செய்வோர் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. மீட்டர் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5; ஸ்விட்சர்லாந்து மலை இரயில்களின் மாதிரிக்கென்று விற்கும் பாதை 12 மில்லிமீட்டர். பிழை அரை மில்லிமீட்டரே, கண்ணுக்குத் தெரியாது. நீலகிரியைத் தேர்ந்ததற்கு இது இரண்டாவது காரணம்.

மலைப்பாதையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1854-இலேயே பேச்சு எழுந்தது. பணி தொடங்கியது 1891-இல். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1908-இல் உதகையை எட்டியது. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்படும் பாதை 46 கிலோமீட்டர் நடந்து 2203 மீட்டரில் முடிகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதியே இதன் உயிர். அங்கே 12 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் ஏறும் செங்குத்தான இடங்கள் உண்டு. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளன. எனவே எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியே இருக்கும். ஸ்விட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது. வின்டர்தூர் நகரில் உருவான எக்ஸ் வகை எஞ்சின்களில் நான்கு உருளைகள் உண்டு. உயர் அழுத்த உருளைகள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அவற்றிலிருந்து வெளிவரும் நீராவி வீணாகாமல் மற்ற இரு உருளைகளுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். பின்னாளில் திருச்சிப் பொன்மலைப் பணிமனை இதற்கெனப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து தந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

பல்சட்டம் ஏன் வேண்டும்? இளங்கலை முதலாண்டு மாணவர்கூடப் போட்டுப் பார்க்கத்தக்க கணக்குத்தான். எஞ்சினின் எடை 5 பங்கு எனக் கொள்வோம். மழையில் நனைந்த தண்டவாளத்தில் உராய்வுக் கெழு 0.1 அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய விசை 5 பங்கில் பத்திலொன்று, அதாவது அரைப் பங்கு. 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் இந்த அரைப் பங்கு விசை தாங்கக்கூடிய மொத்த எடை 6 பங்கு. அதில் 5 பங்கு எஞ்சினே. பெட்டிகளுக்கு மிஞ்சுவது ஒரு பங்கு! தன் எடையில் ஐந்தில் ஒன்றை மட்டுமே இழுக்க வல்ல எஞ்சினால் இரயில் நிர்வாகம் நடத்த முடியாது. உலர்ந்த பாதையில் கெழு 0.25 ஆனால் எஞ்சினின் இருமடங்கு எடையை ஏற்றலாம். ஆனால் இறங்கும்போது மழை வந்துவிட்டால் என்ன செய்வது? ஏறுவதற்கு மட்டுமன்று, இறங்கும்போது பிடித்து நிறுத்துவதற்கும் பல்சட்டமே துணை.

மாதிரியிலும் இது வேண்டுமா என்பது சுவையான கேள்வி. நீளம் 87 மடங்கு குறைந்தால் கனஅளவு 87-இன் மும்மடிப் பெருக்கம், அதாவது 6,58,503 மடங்கு குறையும். 50 டன் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால் மாதிரியின் எடை 76 கிராம். ஆனால் உராய்வுக் கெழு ஒரு விகிதம். அளவைக் குறைத்தாலும் அது குறையாது. ஆகவே ஏற்றத்தின் சிக்கலும் அப்படியே நம்முடன் வரும். எஞ்சினுக்குள் ஈயம் வைத்து எடையை 150 கிராம் ஆக்குகிறோம் என்றும், 25 கிராம் பெட்டிகள் மூன்று என்றும், எல்லாச் சக்கரங்களும் பொறியால் சுழல்கின்றன என்றும் கொள்வோம். மொத்தம் 225 கிராம். அதில் 12-இல் ஒன்று ஏறத்தாழ 19. அச்சு உராய்வுக்கு இரண்டு மூன்று கிராம் சேர்த்தால் 22. வறண்ட அறையில் கெழு 0.2 எனில் கிடைப்பது 30. போதும்! நம் அறையில் மழை பெய்யாது, இலை உதிராது. ஆகவே பல்சட்டம் இல்லாமலே மாதிரி வண்டி ஏறிவிடும்.

அதனால் பல்சட்டத்தை விட்டுவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. அது விசைக்கு வேண்டாம், உண்மைக்கு வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறியில் மெல்லிய பல்பட்டைகளை அச்சிட்டு, அரைப் பல் தள்ளி இரண்டிரண்டாக ஒட்டிப் பாதையின் நடுவே பதித்து, துருவின் நிறம் பூசினால் போதும். பார்ப்பவர் நூற்றில் தொண்ணூறு பேர் முதலில் அதைத்தான் சுட்டிக் கேட்பார்கள். அப்போது மேலே சொன்ன கணக்கை நாம் சொல்லலாம்.

பலகை 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம் போதும் என்று சொன்னேன். சிலர் சிரித்தனர். உண்மை உலகில் அது 104 மீட்டர் நீளத் துண்டு. எஞ்சினும் மூன்று பெட்டியும் அடங்கும். பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பாதை 10 சென்டிமீட்டர் ஏறும். மலைப்பாதையின் கூரிய வளைவுகளின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர். நம் அளவில் 115 சென்டிமீட்டர். வட்டமாகச் சுற்றிவர வேண்டுமானால் அறை முழுவதும் போய்விடும்; 30 சென்டிமீட்டர் ஆரத்தில் திணித்தாலோ அது மலை இரயில் அன்று, இராட்டினம். ஆகவே வட்டம் வேண்டாம். ஒரு புறம் சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டு, மெல்ல வளைந்து, ஒரு பாலத்தைக் கடந்து, மறு புறம் மரங்களுக்குள் மறையட்டும். ஹில்குரோவ் நிலையத்துக்குக் கீழே உள்ள காட்டுப்பகுதியின் தோற்றம் அதற்குப் பொருந்தும்.

இங்கே நீலகிரியின் வழக்கமே நமக்கு உதவிக்கு வருகிறது. பல்சட்டப் பகுதியில் எஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்ப்புறத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகையால் மாதிரியில் வண்டியைத் திருப்பவோ எஞ்சினை மாற்றிக் கோக்கவோ தேவையே இல்லை. போன வழியே திரும்பினால் போதும். மூலத்தில் நடப்பதும் அதுவே. தண்டவாளங்களில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம். முனைகளை மாற்றினால் வண்டி திசை மாறும். இரு கோடிகளிலும் ஒரு தண்டவாளத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு டையோடை இணைத்துவிட்டால், வண்டி அங்கே வந்ததும் மின்சாரம் தடைப்பட்டுத் தானே நிற்கும். முனை மாறியதும் டையோடு வழிவிட, தானே திரும்பும். கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியில் ஒரு கை நிறைய டையோடு வாங்கிவரலாம். அதற்கு ஆகும் செலவைவிட அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணம் அதிகம்.

வேகத்தில் பலர் கோட்டை விடுகின்றனர். பல்சட்டப் பகுதியில் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அதாவது நொடிக்கு 3.6 மீட்டர். 87-ஆல் வகுக்க, மாதிரி நொடிக்கு 4.15 சென்டிமீட்டர் நகர வேண்டும். நான்கடிப் பலகையைக் கடக்க 29 நொடி! பொம்மை இரயிலோ இரண்டே நொடியில் பாய்ந்துவிடும். எஞ்சின் சக்கரம் 9 மில்லிமீட்டர் எனில் நிமிடத்துக்கு 88 சுற்று போதும். எந்திரமனிதன் செய்யும் மாணவர்கள் பயன்படுத்தும் என்-20 என்ற சிறு பல்லிணை மோட்டார் நிமிடத்துக்கு 100 சுற்று அளவிலேயே கிடைக்கிறது. அதன் அகலம் 12 மில்லிமீட்டர்தான், எஞ்சினின் வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். மெதுவாக ஓட்டுவதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் உள் உராய்வை வெல்ல மாட்டாமல் மோட்டார் திணறி நின்றுவிடும். முழு மின்னழுத்தத்தையே சிறு சிறு துடிப்புகளாக விட்டுவிட்டுக் கொடுப்பதே முறை. அர்டுயினோ பலகை ஒன்று இதையும் செய்யும், திசை மாற்றும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும்.

நிலக்காட்சிக்கு வருவோம். மாதிரிக் கடைகளில் விற்கும் மரங்கள் ஐரோப்பிய ஊசியிலை மரங்கள். அவற்றை நட்டால் நம் வண்டி ஆல்ப்ஸ் மலைக்குப் போய்விடும். கல்லாற்றுப் பக்கம் பாக்குத் தோப்பும் பலாவும். அதற்கு மேலே அடர்ந்த ஈரக்காடு. குன்னூரை நெருங்கினால் தேயிலை. நம் பலகை ஈரக்காட்டுப் பகுதி. கீழ்முனையில் நாலைந்து பாக்கு மரங்கள் மட்டும் தலைகாட்டலாம்: கம்பியில் நூல் சுற்றிய தண்டு, கத்தரித்த காகித மட்டை. காட்டுக்குத் தேங்காய் நாரும் சாயமேற்றிய கடற்பஞ்சுத் துண்டும். தேயிலைச் செடியை மேல்முனையில் வைக்கலாமே என்று ஒரு நண்பர் ஆசைப்பட்டார். தேயிலை மண்ணாகத்தான் வரும் என்றேன். ஆம், காய்ச்சி உலர்த்திய தேயிலைத் தூள் காட்டுத் தரைக்கு மிகப் பொருத்தமான நிறம். விடுதியின் தேநீர்க் கடைக்காரர் தினமும் ஒரு வாளி வீசுகிறார். குறிஞ்சிப் பூவுக்காக நீலம் தெளிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நீலக்குறிஞ்சி மேல்மலைப் புல்வெளியில் பூப்பது. இந்தக் காட்டில் அதற்கு இடமில்லை.

ஓடையில் உண்மைத் தண்ணீர் விடக் கூடாது. நீரின் பரப்பு இழுவிசை நம் அளவுக்கு இணங்காது. 3 மில்லிமீட்டர்த் துளி மாதிரி உலகில் 26 சென்டிமீட்டர்ப் பூசணிக்காய்! வார்னிஷை மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை பூசுவதே நன்று.

பெட்டிகளுக்கு நீலமும் பாலேட்டு நிறமும். அளவுகளுக்கு வரைபடம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. வண்டியின் முகப்பை நேராக எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தால், அதில் தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர் என்பது நமக்குத் தெரியும், அதுவே அளவுகோல். பிறவற்றை அதிலிருந்து விகிதத்தால் பெறலாம். மனிதர் உயரம் 19 அல்லது 20 மில்லிமீட்டர். ஒவ்வொரு பெட்டியின் முன்முகப்பிலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் கொடியுடன் நிற்பதை மறக்கக் கூடாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு எதிர்ப்பாதை தெரியாது. முன்பெட்டிக்காரர் காட்டும் கொடி பெட்டி பெட்டியாகக் கைமாறிப் பின்னே வந்து சேர்கிறது. அந்த மனிதர்கள் இல்லாத நீலகிரி வண்டி கண் இல்லாத வண்டி.

ஹைதராபாத்தில் இருந்துகொண்டு ஏன் ஹைதராபாத்தைச் செய்யவில்லை என்று என் தெலுங்கு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. சார்மினாரைக் கொண்டுவந்து ஹில்குரோவ் காட்டில் வைக்க முடியாது என்றேன். ஆனால் அதே பலகையில் வைக்க முடியாதே தவிர, அடுத்த பலகையில் முடியும். 1916-இல் நிஜாம் இரயில்வேக்காகக் கட்டப்பட்ட காச்சிகூடா நிலையமும் முன்னாளில் மீட்டர் பாதை நிலையமே. அதே 12 மில்லிமீட்டர். அதே 12 வோல்ட். பலகைகளின் முனை உயரத்தையும் பாதையின் இடத்தையும் இப்போதே ஒன்றாக முடிவுசெய்துவிட்டால், இடையில் ஒரு சிறு சுரங்கப் பலகை வைத்து இரண்டையும் இணைக்கலாம். பாதையின் கீழ்முனை தரைப்பலகையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரம், பலகையின் முன்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் உள்ளே என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் காச்சிகூடாவின் குவிமாடங்களைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். தண்டவாளம் தெரியுமாறு எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். இப்போது அங்கே இருப்பது 1676.